சிவப்பு வட்டம்

முப்பத்தெட்டு தினார்.
ஷட்டவுன் வேலையில் பதினொரு ராத்திரி ஓவர்டைம்.
ஃபஹாஹீல் கடைவீதியில் பேரம் பேசி
உறையும் கண்ணாடி ஒட்டும் சும்மா வாங்கி
டேப்லெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
கேம்ப் பஸ் ஏறினேன்.
பழைய போனின் விரிசல்
அவள் மூக்கின் குறுக்கே ஓடும். அதற்காகத்தான்.

படம் தெளிவு. சத்தம் தெளிவு.
தவமணிக்குப் பின்னால் சுவரில்
காலண்டர் மூன்று நாளாகக் கிழிக்கப்படாததுகூடத் தெரிந்தது.
"சரி, வைக்கிறேன்" என்றேன்.
பதினோரு வருஷமாக நான்தான் வைப்பது.
பஸ் ஹாரன் அடிக்கும், ஃபோர்மேன் கத்துவான்,
பேலன்ஸ் தீரும்.
சிவப்பு வட்டத்தைத் தொட்டேன்,
தலையணையில் சாய்த்துவிட்டு எழுந்தேன்.

அது கட் ஆகவில்லை.

திரையின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு
உயிரில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.
ஒன்பது நிமிஷம். பிறகு பதிவில் பார்த்தேன்.
சாக்ஸைக் கழற்றி மோந்து பார்த்து
மறுபடி கம்பியில் காயப்போட்டதை,
நேற்றைய குப்பூஸைத் தயிரில் தோய்த்து
ஏசிக்கு அடியில் நின்றபடியே தின்றதை,
மேல் கட்டில்காரனிடம் ஐந்து தினார் கேட்டு
அவன் இல்லையென்றதும் நான் சிரித்ததை,
இடது தோளுக்குத் தைலம் எட்டாமல்
சுவரில் தேய்த்துக்கொண்டதை
எல்லாம் பார்த்திருக்கிறாள்,
ஒரு இருமல்கூட இல்லாமல்.

மறுநாள் சொன்னாள்:
"உன் டேப்பு கெட்டுப்போயிருக்கு. மாத்திரு."
வேறெதுவும் சொல்லவில்லை.

ஷிபு ரசீது கேட்டான்.
பஸ் ஜன்னலோரம் வெயில் தின்ற காகிதம்
முழுக்கக் கறுத்திருந்தது,
விலை தேதி எல்லாம் அந்த இருட்டுக்குள்.
கம்ப்யூட்டரில் பெயர் இருக்கும் என்றேன்.
பெயர்: கேஷ் கஸ்டமர்.
அன்றைக்கு மட்டும் அந்தப் பெயரில்
நாற்பது பேர் வாங்கியிருந்தோம்.

"என்ன கம்ப்ளெயிண்ட் சேட்டா?"
"போனை வைக்க முடியலை."
"எடுக்க முடியுதா?"
"முடியுது."
"பேச?"
"அதெல்லாம் முடியுது."
உள்ளேயிருந்து வந்த மிஸ்ரி மேனேஜர்
படுக்கவைத்துப் பிடி, பொத்தான் இடம் மாறும், கலாஸ் என்றார்.
மேலும், மாற்றிக்கொள்ள ஏழு நாள். இன்று எட்டு.
கேம்ப் பஸ் டவுனுக்கு வெள்ளிக்கு வெள்ளிதான் வரும்.
வெள்ளியிலிருந்து வெள்ளி எத்தனை நாள்?
அவர் விரல் விட்டு எண்ணினார்,
வாங்கிய நாளும் அவருக்கு ஒரு நாள்.

"ஒண்ணு காட்டுங்க" என்றான் ஷிபு.
கவுன்டரில் வைத்தே கூப்பிட்டேன்.
புளி கரைத்துக்கொண்டிருந்தவள்
முழங்கையால் தட்டி எடுத்தாள்.
ஷிபு அழுத்தினான். மேனேஜர் அழுத்தினார்,
கட்டைவிரலால், பிறகு நகத்தால்.
சார்ஜர் வாங்க நின்ற ஒரு பிலிப்பினோப் பெண்ணும்
ஆசைக்கு ஒரு தடவை.
இத்தனை பேர் தன்னை அணைக்கப் பார்ப்பதை
தவமணி புளிக் கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, நீங்க கட் பண்ணுங்க."
"மாத்தித் தர்றேன்னு அவர் சொல்லட்டும்.
அப்புறம் வைக்கிறேன்."

ஷிபு அதை அரபியில் சொன்னான்.
கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பான், நீளமாக இருந்தது.
மேனேஜர் பெட்டியைத் திருப்பி
அடியில் இருந்த எண்ணைப் படித்தார்.
கறுப்பு கேட்டேன், தங்க நிறம்தான் இருந்தது.

ராத்திரி.
புதுசு நன்றாகவே வேலை செய்கிறது.
அளவுக்கு மீறி. கை பட்டு இரண்டு தடவை
பேச்சுக்கு நடுவில் நானே வைத்துவிட்டேன்.
மூன்றாவது தடவை எடுத்தாள்.
"சரியாயிடுச்சா?"
"ஆயிடுச்சு."
"சாப்பிட்டியா?"
"ஆச்சு. மீன் குழம்பு."

அவளுக்குப் பின்னால் காலண்டரில்
இன்றைய தேதி இருந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உட்கார்ந்தா, நின்னுக்கிட்டா?"